மிஸஸ் பி-யும் 84 மஞ்சள் சட்டைகளும்

"பொட்டிக்கடையா வைக்கப் போறே?"

"பொட்டிக்கடை இல்லப்பா. பொட்டீக்! பெரிய பெரிய ஊர்ல எல்லாம் ரெடிமேட் கடைக்கு அப்படித்தான் பேரு."

"அதான்டா கேக்கறேன். வெத்தலை பாக்கு உண்டா இல்லையா?"

2018-ல், தீபாவளிக்கு ஆறு வாரம் இருந்தபோது நடந்த உரையாடல் இது. கிண்டல் செய்த அதே அப்பாதான் மறுநாள் தன் பி.எஃப். பணத்தில் 5 லட்சத்துக்கு செக் எழுதிக் கொடுத்தார். அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் ரிட்டயரானவர். செக்கில் தேதி போடும்போது மட்டும் கை கொஞ்சம் நிதானித்ததாக ஞாபகம். பேனா சரியாக எழுதவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

நான் பி.காம். டெபிட், கிரெடிட், தேய்மானம் எல்லாம் அத்துப்படி. பார்ட்னர் என் காலேஜ் சிநேகிதன், அவனும் பி.காம். இரண்டு பி.காம். சேர்ந்து தொடங்கிய வியாபாரம் எப்படிப் போகும் என்று நீங்கள் யூகித்திருப்பீர்கள். குரோம்பேட்டையில் ஆண்களுக்கான ரெடிமேட் கடை. வாடகை மாசம் 22 ஆயிரம். அட்வான்ஸ் பத்து மாசம். கண்ணாடி ஷோகேஸில் தலையில்லாத இரண்டு பொம்மைகள். (தலை வைத்த பொம்மை என்றால் ஒன்றுக்கு 900 ரூபாய் அதிகம். சிக்கனம், சார்!)

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. அக்டோபரில் கடையைக் காலி செய்தோம். "கொரோனாதான் சார் காரணம்" என்று இன்றும் வெளியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அதற்கு முன்பே கடைக்கு ஜுரம் கண்டிருந்தது. மஞ்சள் ஜுரம். ஒரு தரகர் பேச்சைக் கேட்டு, "இந்த வருஷம் கடுகு மஞ்சள்தான் பேஷன்" என்று ஒரே நிறத்தில் 120 சட்டை எடுத்தோம். விற்றவை 36. மீதி 84 இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றன.

இந்த மஞ்சள் புராணத்தை இப்போது எடுப்பதற்குக் காரணம் லண்டனில் ஒரு பாட்டி. பெயர் ஜோன் பர்ஸ்டைன். 2025 ஏப்ரலில், 99-வது வயதில் காலமானார். பேஷன் உலகம் முழுக்க அவரை 'மிஸஸ் பி' என்றுதான் கூப்பிட்டது. பஸ் ஸ்டாப்பில் நின்றபடி செல்போனில் அந்தச் செய்தியைப் படித்தேன். படித்த சுவாரஸ்யத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன்.

அவர் நடத்திய கடைக்குப் பெயர் 'பிரவுன்ஸ்'. லண்டனில் சவுத் மோல்டன் தெரு என்று ஒரு குறுகலான தெரு இருக்கிறது. ஆக்ஸ்போர்டு தெருவின் சந்தடியிலிருந்து ஒதுங்கி உள்ளே நுழைந்தால் வரும். நான் லண்டன் போனதில்லை. ராத்திரி பதினோரு மணிக்குக் கம்ப்யூட்டர் மேப்பில் அந்தத் தெருவில் மூன்று தடவை நடந்திருக்கிறேன். அங்கே 27-ஆம் எண்ணில், 1970-ல் கணவர் சிட்னியோடு சேர்ந்து ஜோன் கடையைத் தொடங்கினார். கடைக்கு முன்னால் உடைமையாளராக இருந்தவர் பெயரில் ஒரு 'பிரவுன்' உண்டு. இவர்கள் பெயரை மாற்றவில்லை. போர்டு எழுதும் செலவு மிச்சம் என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். (எங்கள் கடை போர்டுக்கு 18 ஆயிரம் அழுதோம். எல்.இ.டி. லைட்டோடு.)

1970-ல் அவருக்கு வயது 44. இந்த இடத்தில்தான் முதல் பஸ் போனது.

ஏனென்றால் அது அவருக்கு முதல் கடை இல்லை. போர் முடிந்த காலத்தில் சந்தையில் கடை போட்டு ஆரம்பித்த தம்பதி அவர்கள். பிரிட்டனில் அப்போது துணிக்கே ரேஷன். 1949 வரைக்கும் கூப்பன் கொடுத்துத்தான் சட்டை வாங்க வேண்டும். அந்தக் காலத்தில் தொடங்கி, படிப்படியாக 'நீட்டாவேர்' என்ற பெயரில் பல கிளைகள் கொண்ட துணிக்கடை நிறுவனமாக வளர்த்தார்கள். 1960-களின் கடைசியில் அது மொத்தமாக விழுந்தது. கடைகள் போயின. குடியிருந்த வீடும் போனது.

அஞ்சலிக் கட்டுரை எழுதுகிறவர்கள் இந்த விஷயத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். 'கடை நொடித்தது, வீடு போனது, பிறகு பிரவுன்ஸ் தொடங்கினார்.' ஒரு கமா, இன்னொரு கமா, முற்றுப்புள்ளி. அந்த இரண்டாவது கமாவுக்குள் எத்தனை ராத்திரி இருந்திருக்கும் என்று கடையை மூடிய ஆளுக்குத்தான் தெரியும்!

ஷட்டரைக் கடைசியாக இழுத்து விடும்போது வருகிற சத்தம் ஒன்று. சப்ளையர் போன் செய்தால், எடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கிற அந்த நாலு ரிங். தெருவில் எதிரே வரும் பழைய கஸ்டமர், "என்ன சார், கடையைக் காணோம்?" என்று அன்பாக விசாரிப்பது. வீட்டில் யாரும் எதுவுமே கேட்காமல் இருப்பது. இதெல்லாம் பாலன்ஸ் ஷீட்டில் எந்தப் பக்கமும் வராது. எங்கள் புரொபசர் சொல்லித் தரவில்லை. நானும் கேட்கவில்லை, கடைசி பெஞ்ச்.

மிஸஸ் பி அந்தக் கமாவைத் தாண்டியது எப்படி? கென்சிங்டன் பகுதியில் 'ஃபெதர்ஸ்' என்று ஒரு சின்ன பொட்டீக். பல கிளைகள் வைத்திருந்தவர்கள் மறுபடி ஒற்றைக் கடைக்கு இறங்கி வந்தார்கள். அந்தக் கடையில் வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர் மனோலோ பிளானிக். ஆமாம், பிற்பாடு ஒரு ஜோடி செருப்பைப் பல நூறு டாலருக்கு விற்றாரே, அவரேதான். அந்த அம்மாவுக்கு ஆளைப் பிடிக்கிற கண் அப்போதே இருந்திருக்கிறது. அதற்குப் பிறகுதான் பிரவுன்ஸ்.

பொட்டீக் முதலாளி என்றால் நம்மில் பலர் நினைப்பது இதுதான்: ஏ.சி. அறை, வாசனை, சோபா, வருகிற பணக்காரப் பெண்களிடம் "உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு மேடம்" என்று சொல்லி பில் போடுவது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்திருந்தேன். பொய். இந்தத் தொழில் சூதாட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி.

எப்படி என்கிறீர்களா? மார்ச் மாசம் பாரீஸிலும் மிலானிலும் மாடல் பெண்கள் நடந்து காட்டுகிற உடைகள், அந்த வருஷம் இலையுதிர் காலத்துக்கானவை. கடைக்காரர் அப்போதே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். எந்த உடை, எந்த நிறம், எந்த சைஸில் எத்தனை. சரக்கு வருவதற்குள் நாலைந்து மாசம் ஓடிவிடும். அதற்குள் ஊரில் மழை பெய்யலாம், ஆட்சி மாறலாம், மஞ்சள் மீது ஜனங்களுக்கு வெறுப்பு வரலாம். கடைக்காரர் வாங்குவது துணியை இல்லை. ஆறு மாசம் கழித்து ஒரு பெண்மணி கண்ணாடி முன்னால் நின்று என்ன நினைப்பார் என்பதை.

சும்மா ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். 100 ரூபாய் அடக்கத்தில் பத்து கவுன். ஆயிரம் ரூபாய் முதல். 250 என்று விலைச்சீட்டு தொங்குகிறது. "அடேயப்பா, கொள்ளை!" என்கிறோம். ஆறு விற்றால் 1,500. மீதி நாலு தேங்கும். சீசன் முடிந்ததும் பாதி விலை, ஆக 500. மொத்தம் 2,000. முதல் போக ஆயிரம் லாபம் என்று கையைத் தட்டாதீர்கள். அதில்தான் வாடகை, சம்பளம், கரண்ட், வட்டி, பாரீஸ் போய் வந்த டிக்கெட். ஆறுக்குப் பதில் நாலுதான் விற்றது, மீதி பாதி விலைக்கும் போகவில்லை என்றால் கதை கந்தல். எனக்கு 120-ல் 36. சதவீதம் போட்டுப் பார்த்தால் 30. அதற்கு மேல் கணக்குப் போட வேண்டாம், வலிக்கிறது.

வாங்குவது ஜோன். பணம், கட்டடம், கணக்கு எல்லாம் சிட்னி. இந்தப் பாகப்பிரிவினையை மட்டும் நானும் பார்ட்னரும் செய்திருந்தால்! நாங்கள் இரண்டு பேருமே வாங்கினோம். இரண்டு பேருமே கணக்கு எழுதவில்லை.

1984-க்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த வருஷம். நான் அப்போது பிறக்கவில்லை, இருந்தாலும்.

லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் படிப்பை முடிக்கிற மாணவர்களின் உடைக் காட்சி. ஜான் கேலியானோ என்று ஒரு மாணவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பாரீஸில் விசித்திர உடையில் அலைந்த மேட்டுக்குடி வாலிபர்கள் இருந்தார்களே, அவர்களை மனதில் வைத்து 'லே ஆங்க்ருவாயாபிள்' என்று ஒரு தொகுப்பு தைத்திருந்தார். பார்த்தார் மிஸஸ் பி. "ஒன்றிரண்டு அனுப்பு தம்பி, போகிறதா பார்க்கலாம்" என்று சொல்லவில்லை. மொத்தத்தையும் வாங்கினார். வாங்கி, கடையின் முகப்பு ஜன்னலில் வைத்தார்.

உடைகளை எடுத்துக்கொண்டு கடைக்கு வரச் சொன்னபோது, வண்டி வைக்கக் காசில்லாமல் கேலியானோ, ஹேங்கர் தொங்கும் ஸ்டாண்டையே லண்டன் தெருவில் உருட்டிக்கொண்டு வந்தார் என்பது பேஷன் உலகில் எல்லோரும் சொல்கிற கதை. கேலியானோவைப் பிற்பாடு பாரீஸில் டியோர் நிறுவனம் கூப்பிட்டு உட்கார வைத்தது. நான் நினைத்துப் பார்ப்பது அந்த ஸ்டாண்டை. சக்கரம் கல்லில் மாட்டியிருக்கும். கோட்டு வால் தரையில் இழுபட்டிருக்கும். தள்ளுகிற பையன் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியிருக்கும்: 'கடைசி நிமிஷத்தில் அந்தம்மா வேண்டாம்னு சொல்லிட்டா?'

சொல்லவில்லை. அந்த உடைகளை வாங்கியவர்களில் பாடகி டயானா ராஸும் ஒருவர்.

ஒரு தடவை குடியிருந்த வீட்டையே பறிகொடுத்த அம்மாள் இவர். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கமே போகாது என்பார்கள். இந்தப் பூனை 58 வயதில், பெயர் தெரியாத பையனின் துணிக்கு முகப்பு ஜன்னலையே கொடுக்கிறது! சுத்தத் துணிச்சல் என்று நான் இதைச் சொல்ல மாட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் உள்ளே தொங்கிய சரக்கு எல்லாம் நிச்சயம் போணியாகிற சரக்கு. அது வாடகையைப் பார்த்துக்கொள்ளும். ஜன்னல் ஊர் வாயைப் பார்த்துக்கொள்ளும். இது என் பி.காம். மூளைக்கு எட்டிய விளக்கம். நாங்கள் செய்தது தலைகீழ். நிச்சயம் போகிற வெள்ளையும் நீலமும் ஜன்னலில். மஞ்சள் உள்ளே, மலை மலையாக.

இன்னொன்றும் உண்டு. 1993-ல் உசேன் சலாயன் என்ற மாணவர் தன் படிப்பு முடிவுத் தொகுப்பை என்ன செய்தார் தெரியுமா? தைத்த துணிகளை இரும்புத்தூளோடு மண்ணில் புதைத்து வைத்து, துரு ஏறியபின் தோண்டி எடுத்தார். அதையும் மிஸஸ் பி ஜன்னலில் வைத்தார். எங்கள் கடையில் ஒரு சட்டையில் பட்டன் அளவுக்குத் துருக்கறை இருந்ததற்கு, ஒரு பெரியவர் போலீஸுக்குப் போவேன் என்றார். பில்லில் பாதியைத் திருப்பிக் கொடுத்தோம். அவரை லண்டனுக்கு அனுப்பி வைத்திருக்கலாம்.

இந்தத் தொழிலில் எனக்கு மனசு சங்கடப்படுகிற இடம் வேறு. அர்மானி, கால்வின் க்ளைன், ரால்ஃப் லாரன், டோனா கரன் - இந்தப் பெயர்களை லண்டன்காரர்களுக்கு முதலில் பழக்கிவிட்டவர்களில் பிரவுன்ஸுக்கு முக்கிய இடம். பழக்கியாயிற்று. ஊருக்குப் பிடித்துவிட்டது. அப்புறம்? அந்த டிசைனரே சொந்தக் கடை திறந்துவிடுவார்! ரால்ஃப் லாரன் 1981-ல் நியூ பாண்ட் தெருவில் திறந்தார். சவுத் மோல்டன் தெருவிலிருந்து பொடிநடையாகப் போய் வரலாம். பெண்ணை வளர்த்து அடுத்த தெருவிலேயே கட்டிக் கொடுத்தது மாதிரி. அவள் வீட்டு விருந்துக்குக் கூட்டம் போகும்; நாம் இங்கே பழைய சாதம். அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தால் வாடகை கொடுக்க முடியாது. அடுத்த பையனைத் தேடிப் போக வேண்டும். அவரும் புகழ் பெற்றதும் போய்விடுவார் என்று தெரிந்தே தேட வேண்டும். 45 வருஷம் இதைச் செய்திருக்கிறது அந்தக் குடும்பம். ஒரு கதவில் ஆரம்பித்த கடை, பக்கத்துப் பக்கத்துக் கட்டடங்களைச் சேர்த்துச் சேர்த்து ஐந்து வீட்டு நீளத்துக்கு நீண்டது. மகனும் மகளும் தொழிலுக்குள் வந்தார்கள். 2006-ல் பிரிட்டிஷ் அரசு சி.பி.இ. விருது கொடுத்தது. சிட்னி 2010-ல் போய்ச் சேர்ந்தார்.

2015-ல் கடையை 'ஃபார்ஃபெட்ச்' என்ற இன்டர்நெட் கம்பெனிக்கு விற்றார்கள். மிஸஸ் பி-க்கு 89 வயது; கௌரவத் தலைவர் பதவி. வாங்கிய கம்பெனிக்கோ அசுர வளர்ச்சி. 2018-ல் நியூயார்க் பங்குச்சந்தை. 2021 தொடக்கத்தில் அதன் மதிப்பு 2,000 கோடி டாலருக்கு மேல். மூன்று வருஷம்கூட ஆகவில்லை... 2023 டிசம்பரில் திவால் வாசல்! கொரியாவின் கூபாங் கம்பெனி 50 கோடி டாலர் போட்டு 2024 ஜனவரியில் தூக்கி எடுத்தது. 2,000 கோடியைப் பார்த்த கம்பெனி, சார். எனக்கு அற்ப சந்தோஷம் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். எங்கள் 84 சட்டையை நினைத்து ரொம்பத்தான் அழுதுவிட்டோமோ என்று தோன்றியது. அதற்கு முன்பே, 2021-ல், பிரவுன்ஸ் பழைய இடத்தை விட்டுப் பக்கத்து புரூக் தெருவுக்குக் குடிபோயிருந்தது. நான் ராத்திரி நடந்தது காலி வீட்டு வாசலில்.

மூன்றாவது பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குப் பார்த்து பார்ட்னர் போன். இப்போது அவன் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருக்கிறான்.

"டேய், நம்ம கடை திரும்ப காலியா இருக்குடா. டு-லெட் போர்டு தொங்குது."

"அதுக்கு?"

"சும்மா சொன்னேன்."

"வாடகை எவ்வளவாம்?"

"முப்பத்தஞ்சு. நான் சும்மாதான் கேட்டேன்."

"நானும் சும்மாதான் கேக்கறேன்."

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனில் சும்மா இருந்தோம். சமையலறையில் மிக்ஸி சட்டென்று நின்றது. மனைவிக்குக் காது கூர்மை. கடைக்காக அடகு வைத்த அவள் செயினை மீட்டு இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வட்டி மட்டும் இன்னொரு செயின் அளவுக்குக் கட்டியிருக்கிறேன். அவள் வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் மிக்ஸி மறுபடி ஓடியது, முன்னைவிட ஒரு நம்பர் வேகமாக.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் லண்டன் பாட்டி கதையைச் சொன்னேன். 5 லட்சத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் அப்பா ஒரு வார்த்தை கேட்டதில்லை. மாசா மாசம் நான் கொடுக்கிற மூவாயிரத்தை எண்ணாமல் வாங்கி பீரோவில் வைப்பார், அவ்வளவுதான். ரசம் சாதத்தைப் பிசைந்தபடி முழுக்கக் கேட்டார். வீடு போன இடத்தில் பிசைகிற கை நின்றது. கேலியானோ ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்த இடத்தில், "பாவம், புள்ளையாண்டான்" என்றார். கதை முடிந்ததும் மோர் ஊற்றிக்கொண்டார்.

அப்பா அப்போது போட்டிருந்தது கடுகு மஞ்சள் சட்டை. எங்கள் கடையின் முதல் போணி. திறப்பு விழா அன்று கியூவில் முதல் ஆளாக நின்று, 695 ரூபாயை எண்ணி வைத்து, பில்லைக் கேட்டு வாங்கி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனார். அந்தக் காலர் இப்போது நைந்து நூல் தெரிந்தது. நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"பரண்ல இன்னும் இருக்குல்ல இந்த மஞ்சள்?"

"இருக்குப்பா. எண்பத்து நாலு."

"எனக்கு ஒண்ணு எடு. நாப்பத்திரண்டு சைஸ்."

"நாப்பத்திரண்டு எல்லாம் அப்பவே வித்துப் போச்சுப்பா. முப்பத்தெட்டும் நாப்பத்துநாலும்தான் இருக்கு."

"நாப்பத்துநாலே எடு. கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா காத்தோட்டமா இருக்கும்."

ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒன்றை உருவித் தட்டிக் கொடுத்தேன். விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி அதைப் படித்தார். எழுந்து போய் பீரோவைத் திறந்தார்.

"அதே அறுநூத்துத் தொண்ணூத்தஞ்சா? ஆடித் தள்ளுபடி கிடையாதா உங்க பொட்டிக்கடையில?"